நிர்பீக் என்னும் கைத்துப்பாக்கியும் அபயதானமும்



புளியங்குடியில் எலுமிச்சை வணிகம் செய்வோர் பெருந்தொகையுடன் இரவில் வீடு திரும்புவதுண்டு. இத்தகைய தொழிலில் உள்ள நம் இளைஞர் சிலர், "தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்குவது விரதத்திற்கு முரணா?" என வினவுகின்றனர். தக்க வினாவே, ஆராய்வோம்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றோரே துப்பாக்கி வாங்க இயலும். 9 மில்லிமீட்டர் போன்றவை படையினர்க்கும் காவலர்க்கும் உரியவை. ஆதலின் குடிமக்கள் பெரிதும் நாடுவது .32 அங்குல வகையையே. அதனைக் கான்பூர் அரசுத் தொழிற்சாலை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. 2016 இறுதியில் நாட்டிலிருந்த எல்லாவகைத் துப்பாக்கி உரிமங்கள் ஏறத்தாழ 33 இலட்சத்து 69 ஆயிரம். அவற்றுள் 12 இலட்சத்து 77 ஆயிரம் உத்தரப் பிரதேசத்தில் மட்டுமே இருந்தன.

வாங்குவோர் அனைவரும் அஞ்சியா வாங்குகின்றனர்? திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுட்டுப் பெருமை கொள்வோரும் உளர். அவ்வாறு சுட்டதால் உயிர்கள் மாய்ந்தன. எனவே 2019இல் சட்டத்தைத் திருத்தி அச்செயலைத் தண்டனைக்குரியதாக்கினர். அச்சம் ஒருபுறம், மானகஷாயம் மறுபுறம். இவ்விரண்டுமே இக்கருவியை விலைபோகச் செய்கின்றன.

2012 டிசம்பரில் தில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், 2014இல் கான்பூரில் மகளிர்க்கென ஒரு கைத்துப்பாக்கி வெளிவந்தது. எடை ஏறத்தாழ 500 கிராம். விலை ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல். பெயர் 'நிர்பீக்', அச்சமற்றது என்பது பொருள். கூலிக்கு உழைத்து இருளில் இல்லம் திரும்பும் ஏழைப் பெண் அவ்விலைக்கு எங்கே போவாள்? விலைகொடுத்துப் பெறும் அஞ்சாமை செல்வர்க்கே உரியதாயிற்று.

அமெரிக்க மக்களிடம் 39 கோடிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் உள்ளன என 2017ஆம் ஆண்டின் ஆய்வொன்று மதிப்பிட்டது. அந்நாட்டு மக்கள்தொகையினும் அது மிகுதி. ஆயினும் அங்கு அச்சம் ஒழியவில்லை. அங்குத் துப்பாக்கியால் மாள்வோருள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வோர். கள்வனுக்கென வாங்கியது இல்லத்தாரின் ஒருகணத் துயருக்கு இரையிடுகிறது.

நம் ஆசிரியர்கள் இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகையாக்கினர். சங்கல்ப இம்சையை இல்லறத்தார் முற்றும் விடல் வேண்டும். தாக்க வருபவனைத் தடுக்கையில் நேரும் விரோத இம்சையையோ இல்லறத்தார் அறவே விட இயலாது என்பதை நூல்கள் அறியும். ஆகவே, உரிமம் பெற்ற ஒருவரை விரதம் கெட்டவர் என இகழ்தல் நமக்குத் தகாது. ஆயினும் வாள், நெருப்பு, நஞ்சு முதலிய கொலைக்கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலை 'இம்சாதானம்' எனச் சமந்தபத்திரர் விலக்கினார். ஆயுதத்தை விற்றலும், இரவல் தருதலும், சிறுவர் கைக்கெட்ட வைத்தலும் அவ்விலக்கின்பாற் படும் என்பது எம் கருத்து.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலைப் பாறையில் நிற்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காண்மின். எதன் கையிலும் ஆயுதமில்லை. நாம் அந்நிலையை எய்தியவர் அல்லோம். எனினும் செல்லவேண்டிய திசை அதுவே.

எனவே இளைஞர்களே, தொகையை வங்கி வழியே செலுத்துக; இரவில் துணையோடு செல்லுக; ஏழைப் பெண்கள் நடக்கும் தெருவில் விளக்கிட முன்வருக. உணவு, மருந்து, கல்வி ஆகியவற்றோடு நான்காவதாக எண்ணப்படும் தானம் அபயம். அஞ்சாமையை நாம் மட்டும் விலைக்கு வாங்குவதினும், அண்டையார்க்கும் அதனை வழங்குவதே சிராவகர் கடன்.

அறம் வளர்க! அனைத்துயிரும் அச்சம் நீங்கி வாழ்க!