வெண்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்லலாமா?

 



சில வருடங்களுக்கு முன், இஷா தொழுகை முடிந்து மஹல்லாவைச் சேர்ந்த ஒரு இளைஞர் என்னிடம் வந்தார். அவருடைய அத்தாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், முற்றிய நிலை. பேச்சு இருக்கும்போதே, "எனக்குக் குழாய் எதுவும் போடாதீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். இப்போது மூச்சுத் திணறுகிறது. வெண்டிலேட்டர் வைக்கவா என்று டாக்டர் கேட்கிறார். வைத்தாலும் நோய் குணமாகாது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகன், எவ்வளவு செலவானாலும் வையுங்கள் என்று போனில் சொல்கிறார். "வைக்காமல் விட்டா, அத்தாவை நாங்களே கொன்ன மாதிரி ஆயிடுமா ஹஜ்ரத்?"

உயிர் விஷயம், பேணுதலாக இருந்துகொள்ளுங்கள், வைத்துவிடுங்கள் என்றேன். பேணுதல் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு மிக வசதியான சொல். பதினோரு நாள் அவர் அந்த மெஷினில் கிடந்தார். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அங்கேயே மவ்த்தானார். நான் கிதாபுகளை எடுத்துப் புரட்டியது அதற்குப் பிறகுதான்.

முதலில் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 9 மார்ச் 2018 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, புத்தி சுவாதீனமுள்ள வயது வந்த ஒருவர் தனக்குச் சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கலாம், கண்ணியத்தோடு இறப்பதும் 21வது பிரிவுக்குள் வருகிறது என்று கூறியது. நினைவு தப்பிய பின் தனக்கு எந்தச் சிகிச்சை கூடாது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும் அனுமதித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். மாஜிஸ்திரேட்டிடம் போகத் தேவையில்லை. இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். பின்னர் அதைச் செயல்படுத்துமுன் இரண்டு மருத்துவக் குழுக்கள் பரிசீலிக்க வேண்டும். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றும் குற்றம்தான்.

சட்டம் இதை உரிமை என்கிறது. நம் உடலோ நமக்கு அமானத். உடையவன் அல்லாஹ். அப்படியானால் சட்டம் தரும் இந்த உரிமையை ஒரு முஃமின் பயன்படுத்தலாமா?

முந்தைய சமுதாயத்தில் ஒருவர், காயத்தின் வேதனை தாங்காமல் கத்தியால் தன் கையை வெட்டிக்கொண்டார். ரத்தம் நிற்காமல் இறந்தார். அவருக்குச் சொர்க்கம் தடுக்கப்பட்டது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் உள்ளது. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

அதே புகாரியில் இன்னொரு நிகழ்ச்சி. நபியவர்கள் கடைசி நோயில் படுத்திருந்தபோது வீட்டார் அவர்களின் வாயில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்து பிடிக்காதது வழக்கம்தானே என்று நினைத்து ஊற்றிவிட்டார்கள். சற்றுத் தெளிந்ததும், நான் தடுக்கவில்லையா என்று கேட்டார்கள். அங்கில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த ஒவ்வொருவர் வாயிலும் அதே மருந்தை ஊற்றச் சொன்னார்கள். ஊற்றியவர்கள் பிரியத்தில்தான் ஊற்றினார்கள். ஆயிஷா (ரலி) அவர்களே அதை அறிவிக்கிறார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதியிருக்கிறேன். அந்த இளைஞர் எதிரில் நின்றபோது இது என் நினைவுக்கு வரவில்லை.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண் துஆ கேட்டு வந்தபோதும், குணத்துக்காக துஆ செய்யவா, அல்லது பொறுமை கொண்டு சொர்க்கம் பெறுகிறாயா என்று நபியவர்கள் அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார்.

ஃபதாவா ஆலம்கீரியில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. நோய்க்கு மருத்துவம் செய்யாமல் இருந்து இறந்தவர் மீது பாவமில்லை. உணவு இருந்தும் உண்ணாமல் பட்டினி கிடந்து இறந்தவர் பாவி. காரணம், உணவு பசியைப் போக்கும் என்பது உறுதி. மருந்து குணமாக்கும் என்பது உறுதியல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில் தவக்குலைப் பற்றிப் பேசும் இடத்தில், உறுதியான காரணங்களையும் எதிர்பார்ப்பு மட்டுமே உள்ள காரணங்களையும் பிரித்தே பேசுகிறார்கள்.

அப்படியென்றால் வெண்டிலேட்டர் ரொட்டியா, மருந்தா?

விபத்தில் அடிபட்ட வாலிபருக்கு நாலு நாள் வைத்தால் எழுந்துவிடுவார் என்றால், அது ஏறக்குறைய ரொட்டிதான். அதை மறுக்க அவருக்கும் அனுமதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. விட்டால் உயிர் போகும் என்ற நிலையில் மருத்துவம் கட்டாயமாகும் என்று 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. அது பலன் தரும் மருத்துவத்தைப் பற்றியது என்பது என் புரிதல். புத்தித் தெளிவுள்ள நோயாளியின் சம்மதம் வேண்டும் என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கிறது. குணத்துக்கு வழியே இல்லாதவருக்கு மூச்சை மட்டும் நீட்டும் மெஷின், அவர் விரும்பினால் வைக்கலாம், மறுத்தால் விடலாம் என்ற வகையில் சேரும். மறுப்பவர் சாவைத் தேடவில்லை. வந்துகொண்டிருக்கும் மவ்த்தை ஏற்றுக்கொள்கிறார்.

உணவுக் குழாய் விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்தவர். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்ற மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரை அத்தனை வருடமும் பராமரித்த நர்ஸுகள் அந்த மனுவை எதிர்த்தார்கள். 2015இல் அவர் இறக்கும்வரை பராமரித்தார்கள். அந்த நர்ஸுகள் பக்கம்தான் என் மனம் நிற்கிறது. பட்டினி போடுவதும் மருந்தை விடுவதும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த உரிமை நோயாளிக்குரியது. பாகப்பிரிவினைக்குக் காத்திருக்கும் வாரிசுக்கு அல்ல. நகை அடகுக்குப் போவதைப் பார்த்து, குணமாகக்கூடிய நோயிலும் ஒரு அத்தா "எனக்கு வேண்டாம்பா" என்கிறார் என்றால், அது மறுப்பு அல்ல. அந்த வேண்டாமுக்கு மஹல்லாவின் பைத்துல்மால்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் வஸிய்யத்தில் இப்போது இதைப் பற்றி நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். என் மனைவிக்கும் மூத்த மகனுக்கும் படித்துக் காட்டினேன். மகன் பாதியில் எழுந்து போய்விட்டான். மறுநாள் மறுபடியும் உட்கார வைத்துப் படித்தேன்.

அந்த இளைஞரிடமும் பேசினேன். அன்று கிதாபு பார்க்காமல் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அத்தாவுக்கு துஆ செய்யுங்க ஹஜ்ரத்" என்றார்.

யா அல்லாஹ், அவருடைய கப்றை விசாலமாக்குவாயாக. ஆமீன்.