அம்மாவின் சேலையில் கத்தரி வைக்கலாமா?

போகிக்குப் பழையதை எரிப்பது தமிழ்நாட்டு வழக்கம். மலாக்கா காஜா பேராங்கில் வாழும் செட்டிமார்கள் அதே நாளில் ‘பர்ச்சு பொங்கல்’ என்று வாழையிலை விரித்து, இறந்துபோன முன்னோருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறார்கள். அங்கே பழையது தீக்குப் போகிறது. இங்கே பழையவர்கள் விருந்துக்கு வருகிறார்கள். காலமான தாயின் அலமாரியைத் திறந்து நிற்கும் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டு வழிதான் தெரிகிறது. சேலைகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பது மூன்றாவது வழி. அது பற்றை விடுவதா, வளர்ப்பதா?

ரப்பர் தோட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இருந்ததில்லை. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகு மலாக்காவில் தோட்டங்கள் பெருகின. பால் வெட்டப் போன பெண்கள் பழைய சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டார்கள். லயத்து வீட்டில் கிழிந்த சேலை முதலில் தொட்டிலாகும், பிறகு கரித்துணியாகும், அதன்பின் ஒன்றுமில்லாமல் போகும். துணி நினைவுச்சின்னமாக மாறுமுன்பே தேய்ந்து தீர்ந்துவிடும். அலமாரியில் சேலை மிஞ்சுவதே பின்னால் வந்த வசதி.

ஒட்டுத்துணிக்குப் பௌத்தம் சொல்லும் காரணம் கூர்மையானது. மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, இதுபோலத் துறவியர் ஆடையை அமைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாக விநய பிடகம் கூறுகிறது. துண்டு துண்டாக வெட்டித் தைத்த துணியில் திருடனுக்கும் ஆசை வராது. கத்தரி பட்டதும் துணியின் விலை போகிறது, விலையோடு பற்றும் போகிறது.

வீட்டில் நடப்பதோ நேர்மாறு. வெட்டிய சேலையை இனி யாரும் வாங்கமாட்டார்கள். அதனாலேயே அதை யாருக்கும் கொடுக்க மனமும் வராது. ஒரே கத்தரி துறவியை விடுவிக்கிறது, மகளைக் கட்டிப்போடுகிறது. பூசைக்குத் தைக்காத துணியே உகந்தது என்று நினைக்கும் பெரியவர்கள் ஒட்டுப்போர்வையைக் கண்டு முகம் சுளிக்கலாம். வங்காளத்துக் கந்தா போர்வை அவர்களுக்கு ஒரு பதில். அங்கே பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத்தையல் போட்டுப் பிறந்த குழந்தையைச் சுற்றினார்கள். குழந்தைக்கு ஆகும் துணி சாமிக்கு ஆகாதா என்ன!

தைக்கத் துணிந்துவிட்டால் முதல் வேலை, சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த நடுப்பகுதி ஊசியைத் தாங்காது. முந்தானையும் கரையோரமும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். சாயம் இறங்குமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக நனைத்துப் பார்த்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். தையலுக்குக் கால் அங்குலம் விட்டால் போதும். அந்தக் கால் அங்குலம் எல்லாத் துண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் மூலைகள் பொருந்தும். வழுக்கும் நைலக்ஸ் சேலைத் துண்டின் பின்னால் மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தைக்கலாம். இஸ்திரியின் சூடு குறைவாகவே இருக்கட்டும், நைலக்ஸ் உருகிவிடும். மலாக்காப் புழுக்கத்துக்குப் பஞ்சு வைத்த கனத்த நடு அடுக்கு தேவையில்லை. பழைய பருத்தி விரிப்பு ஒன்று போதும். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி இழையோட்டிக்கொண்டால் சுருக்கம் விழாது.

அம்மனுக்குச் சாத்தி வந்த சேலை என்றால் சங்கதி வேறு. போர்வையில் கால் படும். அதைத் தனியே எடுத்துப் பூசை மாடத்துக்குத் திரையாகத் தைப்பது நல்லது.

ரப்பர் பால் உறைந்த சட்டைத் துணியைத் தையல் புத்தகம் ஒதுக்கச் சொல்லும். ஒதுக்கக் கூடாது. ஒரு தாய் எங்கே உழைத்தாள் என்பதை முந்தானையைவிட அந்தக் கறை தெளிவாகச் சொல்லும். சூடு பட்டால் ரப்பர் பிசுபிசுக்கும். அதனால் அந்தத் துண்டை ஓரத்தில் வைத்துத் தைத்து, இஸ்திரி போடும்போது மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ள வேண்டும்.