மூன்றாம் நபர்

கார் வைத்திருக்கும் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறோம். பணம் கட்டியதும் பி.டி.எஃப். வந்துவிடும். மொபைலில் எங்கோ கிடக்கும். போலீஸ் கேட்டால் தேடி எடுத்துக் காட்டுவோம், அவ்வளவுதான். ஆனால் யாரும் படிக்காத அந்தத் தாளில் இருக்கும் ஒரு சொல்லை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ‘மூன்றாம் நபர்.’

காப்பீடு எடுப்பவர் முதல் நபர். காப்பீடு தரும் நிறுவனம் இரண்டாம் நபர். இந்த இருவரின் ஒப்பந்தத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லாமல், நம் வண்டியால் அடிபடக் கூடியவர் மூன்றாம் நபர். நம் காருக்கு வரும் சேதத்துக்குக் காப்பீடு எடுப்பதும் எடுக்காததும் நம் விருப்பம். கார் நொறுங்கினால் அது நம் பாடு என்று சட்டம் விட்டுவிடுகிறது. மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் மட்டும் பொதுச்சாலையில் வண்டியை இறக்கக் கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு சொல்வது இது. அதற்கு முந்தைய 1939 சட்டத்திலும் இந்தக் கட்டாயம் உண்டு.

அந்தத் தாளில் நம் பெயர் இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, இன்ஜின் நம்பர் வரைக்கும் இருக்கிறது. மூன்றாம் நபருக்கு மட்டும் பெயர் கிடையாது. அவர் காரமடைக் கடைவீதியில் சாலையைக் கடக்கும் பாட்டியாக இருக்கலாம். விடிகாலையில் மொபெட்டில் கறிவேப்பிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போகிறவராக இருக்கலாம். பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும் பையனாக இருக்கலாம். நாம் வண்டியை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை. ஆனாலும் தன் உயிரை அதன்மேல் வைத்துத்தான் ரோட்டில் இறங்குகிறார்.

காரைப் பராமரிப்பது, பழுது பார்ப்பது, மாற்றி அமைப்பது பற்றி இரண்டு குரல்களைக் கேட்டிருக்கிறேன். ‘என் காசு, என் கார், என் இஷ்டம்’ என்பது ஒன்று. ‘கம்பெனி செய்து கொடுத்ததை எவனும் தொடக் கூடாது’ என்பது இன்னொன்று. பார்க்க எதிரெதிரானவைபோல இருக்கும். ஆனால் இரண்டுமே கார் யாருடையது என்று மட்டும்தான் கேட்கின்றன. கார் யார் பக்கத்தில் ஓடுகிறது என்று இரண்டுமே கேட்பதில்லை.

முதலில் பிரேக்கைப் பார்ப்போம். கோவையிலிருந்து ஊட்டிக்குப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகின்றன, திரும்பி வருகின்றன. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் குன்னூரிலிருந்து இறங்கும்போது ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தை இழக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான், போட்டுப் பார்த்தால் கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வரும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்றை ஐந்து மணி நேரம் விடாமல் எரியவிட்டால் வரும் சூடு. கார் கீழே வந்து சேர்வதற்குள் இந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். கீழ் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டாலோ, டாப் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாலோ, கிட்டத்தட்ட எல்லாச் சூடும் பிரேக்கின் தலையில்தான் விழும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

பிரேக் மிதியை அழுத்தும்போது அந்த அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோவது ஒரு திரவம். பட்டறையில் அதை பிரேக் ஆயில் என்பார்கள். அதற்கு ஒரு குணம் உண்டு, காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகையில், புதிய திரவம் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். அப்போது மிதி மெத்தென்று தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஊருக்குள் ஓட்டுகிறவரைக்கும் பழைய திரவத்துக்கும் புதிய திரவத்துக்கும் காலில் வித்தியாசமே தெரியாது. தெரியவருவது மலை இறங்கும்போது, ஏதோ ஒரு வளைவில்.

எங்கள் பக்கத்துப் பட்டறை அண்ணன் ஒருமுறை சொன்னார்: “தம்பி, பெயின்ட் அடிச்சுக் குடுத்தா அன்னைக்கே நாலு பேர்கிட்டக் காட்டுவாங்க. பிரேக் ஆயிலு மாத்திக் குடுத்தா, ‘இதுக்கெதுக்குங்க இத்தனை காசு, வண்டி முன்ன மாதிரியேதானுங்க ஓடுது’ம்பாங்க. முன்ன மாதிரியே ஓடோணும்னுதானே மாத்துனது!”

பராமரிப்பின் சிக்கல் மொத்தமும் இதில் இருக்கிறது. நன்றாகச் செய்யப்பட்ட பராமரிப்புக்குச் சாட்சி கிடையாது. எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அதன் பலன். நான் பார்க்கும் சாஃப்ட்வேர் வேலையிலும் இதே கதைதான். புதிதாக ஒரு வசதி சேர்த்தால் கைதட்டுவார்கள். சர்வர்களுக்குச் சரியான நேரத்தில் பாதுகாப்பு அப்டேட் போட்டு, அதனால் ஒன்றுமே ஆகாமல் கடந்துபோன இரவுக்கு யாரும் கைதட்டுவதில்லை.

மாசி மகத் தேர்த்திருவிழாவில் எங்கள் ஊர் அரங்கநாதர் தேரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கை நீளும். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடும் சிலர்தான். பேச்சுவழக்கில் ‘முட்டுக்கட்டை போடுறான்’ என்றால் காரியத்தைக் கெடுக்கிறான் என்று அர்த்தம். தேரடியில் நின்று பார்த்தால் அந்தக் கட்டை போடுகிறவரால்தான் கூட்டத்தில் யாரும் சக்கரத்துக்கு அடியில் போகவில்லை என்பது புரியும். ஓட்டுவதைவிட நிறுத்துவதற்கு நம் மொழியே கொஞ்சம் மதிப்புக் குறைத்துத்தான் வைத்திருக்கிறது.

இயந்திரப் பராமரிப்பைத் தத்துவமாக எழுதியவர்களில் அதிகம் வாசிக்கப்பட்டவர் ராபர்ட் பிர்சிக். அவருடைய ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ 1974இல் வந்தது. கருவியைக் கையில் எடுப்பவனின் மனம் எப்படி இருக்க வேண்டும், அவசரமும் எரிச்சலும் வேலையை எப்படிக் கெடுக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. எனக்குப் பிடித்த புத்தகம். ஆனால் அதன் கவனம் பெரிதும் மனிதன், இயந்திரம் என்ற இருவர் மேல்தான். தன் வண்டியை அக்கறையாகப் பார்த்துக்கொள்பவன் நல்ல மனிதனாகிறான் என்று அதைப் படித்தவர்கள் நினைக்க வாய்ப்பிருக்கிறது. எனக்கு அது போதவில்லை. தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் காரின் டயர் தேய்மானக் குறிவரை தேய்ந்திருக்கலாம். அது அக்கறைதான், ஆனால் அந்த அக்கறை முதல் நபரோடு நின்றுவிடுகிறது.

மாற்றி அமைப்பதையும் இதே கண்ணால் பார்க்கலாம். சாதாரணக் காரின் ஹெட்லைட்டில் வரும் எச்4 பல்பு 60/55 வாட். அதை எடுத்துவிட்டு 100/90 போடுகிறார்கள். அல்லது ஹாலஜனுக்கென்று செய்த ரிஃப்ளெக்டருக்குள் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்.இ.டி.யைச் சொருகுகிறார்கள். ஓட்டுகிறவருக்கு ரோடு பகல் மாதிரி தெரிகிறது. வெளிச்சம் சிதறி எதிரே வரும் மொபெட்காரர் கண்ணில் அடிக்கிறது, சில விநாடிகள் அவர் குருடர். முன்பக்கம் மாட்டும் இரும்பு பம்பர் கார்டும் அப்படித்தான். காரின் முன்பகுதி, மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்படுகிறது. இரும்புக் குழாய் அந்த அடியைத் தான் வாங்காமல் எதிரில் இருப்பவர் காலுக்கும் இடுப்புக்கும் தள்ளிவிடுகிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. கேடலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் கொஞ்சம் பிக்கப் கூடும் என்று சொல்லிக் கழற்றுகிறவர்களும் உண்டு. அந்தப் புகை ஓட்டுகிறவர் மூக்குக்குப் போவதில்லை.

அப்படியானால் மாற்றுவதே தப்பா? கால் இயங்காத ஒருவருக்காக பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும்படி அமைத்துக் கொடுக்கிறார்கள். கம்பெனி வடிவமைப்பிலிருந்து இது பெரிய மாற்றம். முறையாகச் செய்து, அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிந்தால் சாலையில் யாருக்கும் இதனால் ஆபத்து கூடுவதில்லை, ஒரு மனிதரின் உலகம் பெரிதாகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில், தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விளக்கம் சொன்னது. ‘நம் காரை நாம் மாற்றக்கூட உரிமையில்லையா’ என்று அப்போது பலருக்குக் கோபம். அந்தத் தீர்ப்பின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் தயாரிப்பாளர் செய்ததெல்லாம் பத்திரமானது என்ற நம்பிக்கைக்கு அது ஆதாரமாகிவிடக் கூடாது.

ஏனென்றால் கம்பெனியும் மூன்றாம் நபரை மறக்கும். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் விவகாரம் வெளிவந்தது. வண்டி சோதனை மேடையில் இருக்கிறதா, ரோட்டில் இருக்கிறதா என்று அதன் சாஃப்ட்வேர் கண்டுபிடித்துவிடும். சோதனையில் மட்டும் புகைக் கட்டுப்பாடு முழுதாக வேலை செய்யும். ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு அமெரிக்க வரம்பைப்போல 40 மடங்குவரை வெளியேறியது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் அந்த சாஃப்ட்வேர் இருந்தது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய குழு, வண்டியிலேயே கருவியைக் கட்டி ரோட்டில் ஓட்டி அளந்ததால் முதல் சந்தேகம் வந்தது. மூடி வைக்கப்பட்ட இயந்திரத்துக்குள் யாரோ எட்டிப் பார்த்தால்தான் இப்படிப்பட்டவை வெளியே வரும். கன்வெர்ட்டரைக் கழற்றும் ஆள் தன் ஒரு வண்டியில் செய்வதை ஒரு நிறுவனம் கோடி வண்டிகளில் செய்தது. இரண்டிலும் புகையைச் சுவாசித்தவர் அதே மூன்றாம் நபர்.

எட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடு வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டல் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிய கதை கோவையில் எல்லோருக்கும் தெரியும். 1920இல் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே அவர் பஸ் விட்டது அந்தப் பிரித்துப் பார்த்த அறிவின் தொடர்ச்சிதான். இன்று காரைப் பிரிக்க ஸ்பேனர் மட்டும் போதாது. ஸ்கேனர் வேண்டும், கம்பெனியின் தகவல் வேண்டும், ஒரிஜினல் பார்ட்ஸ் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும். இவற்றை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. பழுது பார்க்கும் உரிமையை நாம் வழக்கமாக வாங்கியவனின் உரிமையாகவே பேசுகிறோம். எனக்கு அது அதற்கும் மேலே என்று படுகிறது.

காரணம் பணம். பத்து வருடப் பழைய கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர், மகள் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் பிரேக் பேடை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறார். அவரை அறமில்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடமை என்று சொல்லிவிட்டு அந்தக் கடமையைக் கட்டுப்படியாகாத விலைக்கு விற்பது நியாயமில்லை. பக்கத்துப் பட்டறையில் நியாயமான கூலிக்கு, நம்பகமான பார்ட் போட்டு அந்த வேலை முடியும் என்றால் அவர் இந்த மாதமே போடுவார். முடியாது என்றால் தள்ளிப்போடுவார், அல்லது டூப்ளிகேட் போடுவார். அந்தத் தள்ளிப்போடலின் விலையைக் கட்டப்போவது அவர் மட்டுமல்ல. ஆகவே பழுது பார்ப்பதற்குப் போடும் ஒவ்வொரு பூட்டும் கடைசியில் ரோட்டைக் கடக்கும் பாட்டியின் மேல்தான் வந்து விழுகிறது.

மெக்கானிக்குக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. ‘பிரேக்கை விடுங்க, ஏசியை மட்டும் பாருங்க’ என்று சொல்கிறவரின் வண்டியை அப்படியே கொடுத்துவிடலாமா? மேலே சொன்ன அண்ணன், பிரேக் மோசமாக இருந்தால் “இதப் போடாம நான் வண்டிய வெளிய விடமாட்டேனுங்க, காசு அப்புறமாக் குடுங்க” என்பார். சிலர் அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். வண்டி அடுத்தவருடையது, பிடித்து வைக்க இவருக்கு உரிமையில்லை என்று வாதிடலாம், சட்டப்படி அந்த வாதம் ஜெயிக்கவும் செய்யும். ஆனாலும் அந்தப் பேரத்தில் மூன்றாம் நபருக்காகப் பேச அங்கே இருந்த ஒரே ஆள் அவர்தான். தெரிந்தவர் வாயைத் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பார்கள்?

தெரியாதவர்களுக்கும் ஒரு சின்னப் பொறுப்பு மிச்சமிருக்கிறது, கேட்பது. செகண்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறேன், கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, முதலில் எதைப் பார்க்கட்டும் என்று நண்பர்கள் கேட்டால், இப்போதெல்லாம் நான் சொல்லும் வரிசை இது. முதலில் மற்றவர்களைக் காப்பாற்றுவது: பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹெட்லைட்டின் சாய்வு, வைப்பர். அடுத்தது வண்டியைக் காப்பாற்றுவது: இன்ஜின் ஆயில், கூலன்ட், பெல்ட். சீட் கவர், ஸ்டீரியோ, அலாய் வீல் எல்லாம் அதற்கப்புறம், காசு மிச்சமிருந்தால். பெரும்பாலும் மிச்சமிருக்காது. வண்டியைப் பார்க்கிறவர்கள் ‘என்னங்க, ஒண்ணுமே பண்ணாம அப்படியே வெச்சிருக்கீங்க’ என்று கேட்பார்கள். கேட்கட்டும்.