கூடுதலாக வந்த பணம் யாருடைய பாவம்?

வேலையில்லாத ஒருவருக்கு அரசு தகுதிக்கு மேல் பணம் கொடுத்துவிட்டால், வாங்கியவர் பாவியா, கடன்காரரா, இரண்டும் இல்லையா? கர்நாடகத்தில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2024 ஜனவரி 12 அன்று சிவமொக்காவில் யுவநிதி திட்டம் தொடங்கியது. படிப்பு முடிந்து 180 நாள் ஆகியும் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 1,500 ரூபாய். அதிகபட்சம் இரண்டு ஆண்டு. பெங்களூர் லிங்கராஜபுரத்துப் பிள்ளை அரசின் சேவா சிந்து இணையதளத்தில் தானே விண்ணப்பிக்கலாம், பெங்களூர் ஒன் மையத்துக்கும் போகலாம். வேலையில் இல்லை, மேற்படிப்பிலும் இல்லை என்று குறித்த தவணையில் சுய உறுதிமொழி கொடுத்தால்தான் பணம் தொடரும். பொய் சொல்லி வாங்கியது தெரிந்தால் திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆனால் வாழ்க்கை அந்தப் படிவத்தைப் போல அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. கம்மனஹள்ளியில் ஒரு கடையில் பத்து நாள் சோதனைக்கு நின்று, பிறகு வர வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர் அந்த மாதம் வேலையில் இருந்தாரா இல்லையா? வாரக் கடைசியில் மட்டும் சாப்பாடு டெலிவரி செய்பவர்? இவர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு பெட்டியில் டிக் போட்டு, பின்னர் அது தவறு என்று தெரியவரலாம். என் வாதம் இதுதான்: பாவம் வாங்கியதில் இல்லை, அறிந்தே மறைத்ததில்தான் இருக்கிறது. அந்த வேறுபாட்டைப் பார்க்க மறுக்கும் நிர்வாகம் சட்டப்படி சரியாக இருந்தாலும் அறத்தில் தவறுகிறது.

ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவத் தமிழர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. லூக்கா சொல்லும் சகேயு, வரி வசூலில் யாரையாவது ஏமாற்றியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக வாக்களிக்கிறான். அங்கே வஞ்சகம் உண்டு, ஆகவே ஈடும் உண்டு. மத்தேயு சொல்லும் திராட்சைத் தோட்ட உவமையிலோ, வேலை கேட்டு நாள் முழுதும் காத்திருந்து ஒரு மணி நேரம் மட்டுமே உழைத்தவர்களுக்கும் முழுநாள் கூலி கிடைக்கிறது. உழைப்புக்கு மேல் வாங்கிய அவர்களை எசமான் குற்றவாளிகளாகப் பார்க்கவில்லை. முணுமுணுத்தவர்களைத்தான் கேள்வி கேட்கிறான். இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த வள்ளுவரும், கொடுக்கத் தகுந்தவர் ஒளித்தால் பழி அவருக்கே, கேட்டவருக்கு இல்லை என்கிறார்.

“அது வரி கட்டுபவர்களின் பணம் அல்லவா?” என்ற மறுப்பு நியாயமானது. தவறாகப் போன ஒவ்வொரு ரூபாயும் இன்னொரு ஏழைக்குச் சேர வேண்டியது. ஆனால் சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் வேலையில்லாதவரும் வரி கட்டுகிறார். தவிர, பிழையைச் சரிசெய்வது வேறு, பிழைக்குப் பழி சுமத்துவது வேறு. ஆஸ்திரேலிய அரசு உதவித்தொகை பெற்றவர்களிடம் கடன் வசூலிக்க நடத்திய ‘ரோபோடெட்’ திட்டம் இரண்டையும் குழப்பியது. வருமான வரித் துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டு, எல்லா வாரமும் சம்பாதித்ததாகக் கணக்குப் போட்டு, இல்லாத கடனுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். பழைய சம்பளச் சீட்டைத் தேடி நிரபராதி என்று காட்டும் சுமை ஏழைகள் மேல் விழுந்தது. 2023 ஜூலையில் வந்த அரச ஆணைய அறிக்கை அதைக் கடுமையாகக் கண்டித்தது. நம் உச்ச நீதிமன்றமோ 2014 டிசம்பரில், ரஃபிக் மாசிஹ் வழக்கில், அரசின் தவறால் கூடுதல் சம்பளம் பெற்ற கடைநிலை ஊழியர்களிடமும் ஓய்வுபெற்றவர்களிடமும் அதைப் பிடுங்கக் கூடாது என்றது. அது உதவித்தொகை வழக்கல்ல. ஆனாலும் ஏமாற்றாதவர் செலவழித்துவிட்ட பணத்தைக் கேட்பதால் விளையும் கொடுமையையும் எடைபோட வேண்டும் என்ற அதன் நியாயம் இங்கும் பொருந்தும்.

“இப்படிப் பரிவு காட்டினால் எல்லோரும் பொய் சொல்வார்கள்” என்பது அடுத்த மறுப்பு. பொய்யருக்கு நான் பரிவு கேட்கவில்லை. வேலை கிடைத்த பிறகும் இல்லை என்றே உறுதி சொல்லிவந்தவர் முழுவதையும் திருப்பித் தரட்டும். தெரியாமல் வாங்கியவரிடம் முதலில் விளக்கம் கேளுங்கள். திருப்ப வேண்டியிருந்தால் அவர் தாங்கக்கூடிய தவணையில் வாங்குங்கள். உதவி பெறும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: வேலை கிடைத்தால் அந்த மாதமே சொல்லிவிடுங்கள், சந்தேகம் இருந்தால் டிக் போடும் முன் கேளுங்கள். மறைக்காதவரை நீங்கள் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை.