ஜாமர் வைத்திருப்பவரின் நல்லெண்ணம்

அமெரிக்காவில் செல்போன் சிக்னலை முடக்கும் ஜாமரைத் தனியார் யாரும் பயன்படுத்தக் கூடாது, விற்கவும் கூடாது. 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தில் 1990இல் சேர்ந்த 333ஆம் பிரிவு, உரிமம் பெற்ற வானொலித் தொடர்பில் வேண்டுமென்றே குறுக்கிடுவதையே தடை செய்கிறது. குறுக்கிட்டவரின் நோக்கம் நல்லதா, அதனால் யாருக்காவது கேடு நேர்ந்ததா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. அறவியல் வழக்கமாக எடைபோடும் இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒரு செயலைக் குற்றம் என்பது நியாயந்தானா?

ஃபுளோரிடாவில் ஒருவர் காரில் ஜாமர் வைத்துக்கொண்டு தினமும் நெடுஞ்சாலையில் போய்வந்தார். வண்டி ஓட்டிக்கொண்டே போனில் பேசுபவர்களைத் தடுப்பது அவர் நோக்கம். பலருக்கும் உள்ளூர இருக்கும் ஆசைதான். 2013இல் செல்போன் நிறுவனமொன்று தன் கோபுரங்களில் ஏற்பட்ட இடையூறு பற்றிப் புகார் செய்ய, விசாரணை தொடங்கியது. அவரது காரை நெருங்கிய காவலர்களின் வாக்கி-டாக்கியும் செயலிழந்தது. விதிக்கப்பட்ட அபராதம் 48,000 டாலர்.

அவருக்காக வாதாட விரும்புபவருக்குத் தாமஸ் அக்வினாஸிடமிருந்து கிளைத்த ‘இரட்டை விளைவு’க் கோட்பாடு கைகொடுக்கும்போல் தோன்றும். நன்மையும் தீமையும் சேர்ந்தே விளையும் செயலை, தீமையை விரும்பாமல், நன்மைக்காக மட்டும் செய்வது சில நிபந்தனைகளோடு ஏற்கத்தக்கது என்கிறது அக்கோட்பாடு. தீமையே நன்மைக்கு வழியாகக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. நன்மை தீமைக்கு ஈடாக வேண்டும் என்பது இன்னொன்று. ஓட்டுநரின் அரட்டை நிற்பது நன்மை, பக்கத்து வண்டியிலிருந்து 911 என்ற அவசர எண்ணுக்குப் போகவேண்டிய அழைப்பு நிற்பது விரும்பாத பக்கவிளைவு என்று பிரித்துக் காட்டலாம். ஆனால் ஜாமருக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ஒரே இரைச்சலை எல்லா அழைப்பின் மேலும் கொட்டுவதுதான் அதன் வேலை. ஆகவே முதல் நிபந்தனை வார்த்தை அளவில்தான் நிறைவேறுகிறது. இரண்டாவது அதைவிட மோசம்: எந்த அழைப்பு நின்றது என்பது ஜாமர்காரருக்குத் தெரியவே தெரியாது. எதை இழக்க வைத்தோம் என்று அறியாதவர் ஈடு கணக்கிடுவது எப்படி? இந்தச் சட்டம் நோக்கத்தை விசாரிக்காததற்கு வலுவான நியாயம் இந்த அறியாமைதான்.

‘என்னளவில் செய்துகொண்டேன்’ என்ற வாதமும் நிற்காது. தன்னை மட்டுமே பாதிக்கும் செயலில் சமூகம் தலையிடக் கூடாது என்று 1859இல் எழுதினார் ஜான் ஸ்டூவர்ட் மில். முதலாளியின் கண்காணிப்பிலிருந்து தப்ப, நியூ ஜெர்சியில் ஒருவர் தன் நிறுவன வண்டியில் ஜிபிஎஸ் ஜாமர் பொருத்திக்கொண்டார். அவர் கேட்டதெல்லாம் தன் அந்தரங்கத்தை மட்டுமே. ஆனால் 2012இல் நுவார்க் விமான நிலையத்தில், விமானங்கள் தரையிறங்கத் துணைபுரியும் செயற்கைக்கோள் சார்ந்த அமைப்பில் அது குறுக்கிட்டது. அடுத்த ஆண்டு 31,875 டாலர் அபராதம் அறிவிக்கப்பட்டது. வானலையில் ‘தன்னளவில்’ என்று வேலி போட முடியாது. அலைவரிசை பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்கில்தான் என்றாலும், இங்கும் அது பொருந்தும்.

விற்பனையையும் ஏன் தடுக்க வேண்டும்? கத்தியை விற்பவர் குற்றவாளியல்ல. வாங்குபவர் காய் நறுக்கலாம். பொதுமக்கள் கையில் ஜாமருக்கு அப்படி வேறு வேலை கிடையாது.

வழிபாட்டிடத்தில் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. மெக்சிகோவின் மான்டெரேயில் சில தேவாலயங்கள் 2004 வாக்கில் ஜாமர் பொருத்தின. பூசை நடுவே ஒலிக்கும் செல்போனைப் பொறுத்துக்கொள்ளும்படி பக்தரைக் கேட்பதும் எளிதல்ல. தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் வேறு வழியைக் காட்டியது: போனை வாசலிலேயே வாங்கி வைக்கும் ஏற்பாடு. அங்கே பக்தர் தாமே போனை ஒப்படைக்கிறார். வேண்டாமென்றால் திரும்பிப் போகலாம். ஜாமர் அவரைக் கேட்பதே இல்லை. மௌன விரதத்துக்கு மதிப்பு, பேச முடிந்தவர் பேசாமலிருப்பதால் வருகிறது. வாயடைக்கப்பட்டவர் விரதம் இருப்பதாக எந்தச் சமயமும் சொல்வதில்லை. ஜாமர் தரும் அமைதியைச் சமயக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

இந்த நியாயங்கள் எல்லாம் அரசுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் கூட்டாட்சி அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. இந்தியாவில் தனியார் ஜாமர் வாங்க முடியாது, ஆனால் அரசின் அனுமதியோடு சிறைகளில் அது இயங்குகிறது. சிறையைச் சுற்றி வசிப்பவர் சிக்னல் கிடைக்காமல் முறையிடும்போது, நெடுஞ்சாலைக்காரரின் பிழைதான் அங்கும் நடக்கிறது. ஒரே வேறுபாடு, சிறை விஷயத்தில் யார் அனுமதித்தார் என்று கேட்க முடியும், அனுமதியைத் திரும்பப் பெறும்படி வழக்கும் போடலாம். அந்த வேறுபாடு விலக்கை நியாயப்படுத்தப் போதும் என்பவர்கள்கூட, தடைபட்ட அழைப்புக்கு அதனால் ஈடு கிடைத்துவிட்டது என்று வாதிட முடியாது.