சூழலியலும் மனிதப் பொறுப்பும்: யாழ்ப்பாணத் தரைக்கீழ் நீரை முன்வைத்து ஒரு நோக்கு

மனிதன் இயற்கையின் தலைவனா, அன்றி அதன் உறுப்புகளுள் ஒன்று மட்டுமா என்னும் வினா மிகப் பழமையானது. நெடுங்காலம் மெய்யியலாளர்க்கும் சமய சிந்தனையாளர்க்கும் உரியதாயிருந்த அவ்வினாவை விஞ்ஞானத்தின் எல்லைக்குள்ளும் கொண்டுவந்தது சூழலியல். உயிரினங்களுக்கும் அவற்றின் சூழலுக்கும் இடையிலான தொடர்புகளை ஆராயும் இத்துறைக்கு 1866ஆம் ஆண்டில் ஜேர்மனிய உயிரியலறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் பெயர் சூட்டினார். வீடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அப்பெயரின் அடியாகும். ஒரே வீட்டில் வாழ்வோரின் செயல்கள் ஒருவரையொருவர் தாக்காமற் செல்வதில்லை என்பதே இத்துறையின் முதற்பாடம். இன்று பௌதிகம், இரசாயனம், புவியியல், பொருளியல் முதலியவற்றின் துணையோடு அது சூழல் விஞ்ஞானமாக விரிவுற்றுள்ளது. எனினும் உள்ளது யாது என உரைக்கும் விஞ்ஞானம், செய்யத்தக்கது யாது என்பதையும் தானே உரைத்துவிடுமா? யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் இவ்வினாவை ஆராய்வதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறு எதுவுமில்லை. வழுக்கியாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடுவது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான மாதங்களிற் பெரும்பாலும் பெய்யும் மழையே அந்நிலத்தின் நீர்ச்செல்வம். அம்மழைநீர் மண்ணூடாக இறங்கி, மயோசீன் காலச் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குழிவுகளிலும் தங்குகின்றது. பாறையின் அடிப்பகுதியிற் கடல்நீர் ஊடுருவியிருப்பதால், அடர்த்தி குறைந்த நன்னீர் அவ்வுவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கூடான சான்று. கைபென், ஹேர்ஸ்பேர்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருத்தல் கூடும். ஆகவே மேலே ஓரடி நீர் நிலையாகக் குறையுமாயின், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ இடமுண்டு.

துலா மிதித்து நீரிறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே நீர்ப்பாவனைக்கு எல்லையிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியபோது அவ்வெல்லை அகன்றது. குழையும் ஆட்டெருவும் இட்ட வெங்காய, மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் யூறியா முதலிய செயற்கைப் பசளைகள் இடம்பிடித்தன. பயிர் ஏற்காத நைதரசன் நைத்திரேற்றாக மாறி, நீரிற் கரைந்து, பாறை வெடிப்புகளூடாகத் தரைக்கீழ் நீரை அடைகின்றது. நெருக்கமாக அமைந்த மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது சேர்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். செறிந்த விவசாயம் நடைபெறும் பகுதிகளிற் பல கிணறுகள் இவ்வளவை மீறியிருத்தலை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. மிகையான நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலைக் குறைக்கவல்லது. கொதிக்கவைப்பதால் அது நீங்குவதில்லை. நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். குழந்தையின் நலங்கருதி நீரைக் கொதிக்கவைக்கும் தாயின் கவனமும் இங்கே பயனற்றுப்போகின்றது.

இத்தீங்குக்குக் குற்றவாளி யார்? சுன்னாகப் பகுதித் தரைக்கீழ் நீரில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான ஈட்டைச் செலுத்தல் வேண்டும் என்னும் கோட்பாட்டின் வழியே உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டிற் தீர்ப்பளித்தது. நைத்திரேற்றுக்கோ அத்தகைய பிரதிவாதி ஒருவர் இல்லை. இன்ன விவசாயி இட்ட பசளையாலேயே இன்ன கிணறு கெட்டது என நிறுவுதல் அரிது. அவ்விவசாயி எவர்க்கும் தீங்கு கருதியவனல்லன். கடனை அடைக்கவும் பிள்ளைகளைப் படிப்பிக்கவுமே உழைத்தவன். அந்நீரைப் பருகுவோருள் அவனும் ஒருவன். தீங்கிழைத்தவன் ஒருவன், துன்புற்றவன் வேறொருவன் எனப் பிரித்தே நோக்கப் பழகிய அறவியல் இவ்விடத்துத் தடுமாறுகின்றது.

1968ஆம் ஆண்டில் கரட் ஹாடின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று, யாவர்க்கும் திறந்துவிடப்பட்ட பொதுச்செல்வம் ஒவ்வொருவரது நியாயமான தன்னலத்தாலேயே அழியும் என வாதிட்டது. இதற்கு மறுப்பாக, மக்கள் தாமே வகுத்துக்கொண்ட விதிகளால் பொதுச்செல்வத்தை நெடுங்காலம் பேணிய சமூகங்கள் உண்டென்பதை எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணத்தார்க்கு இது புதுமையன்று. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைப்பது அவர்தம் வழக்கம். காணி உறுதிகளிற் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுகின்றன. அயலவனின் முறையில் இறைப்பது தவறென்பதை எவரும் அங்கு கற்பிக்கத் தேவையில்லை. ஆயின் உறுதியில் எழுதப்பட்டது கிணறே. கிணறுகள் யாவும் பங்குகொள்ளும் நீர்வில்லையன்று. கண்ணுக்குத் தெரிந்த கிணற்றில் நிலைபெற்ற நீதி, கண்ணுக்குத் தெரியாத நீரிடத்துச் செல்லவில்லை.

தெரியாததைத் தெரியச் செய்வதே சூழல் விஞ்ஞானத்தின் பணி. அப்பணி நிறைவுறும்போது அறத்தின் நிலையும் மாறுகின்றது. அறியாது செய்தவனைக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. அறிந்தபின் அறியாமையைக் காரணங்காட்டுதலும் முறையன்று. மனிதன் இயற்கையின் தலைவனாயின், உவர்நீர் அவன் ஆணைக்கு அடங்குதல் வேண்டும், அடங்குவதில்லை. அவன் மற்றைய உயிர்களைப் போன்றவன் மட்டுமேயாயின், அவனிடம் பொறுப்பை எதிர்பார்த்தல் இயலாது. தன் செயலின் விளைவை முன்னறியவல்ல உறுப்பினன் என்பதே அவனுக்குரிய இடம். அவ்வறிவு அவனுக்கு உரிமையைக் காட்டிலும் கடமையையே மிகுவிக்கின்றது.

ஆயினும் அக்கடமை யாவர்க்கும் ஒரே அளவினதன்று. விலைவீழ்ச்சிக்கும் கடனுக்கும் இடையே வாழும் விவசாயியிடம், பசளையைக் குறை என உபதேசித்தல் எளிது. விளைச்சல் குறையின் அந்நட்டத்தை யார் ஏற்பது என்பதற்கு விடை கூறாத உபதேசம் அறமாகாது. அறிவும் வசதியும் மிக்கோர்க்கே முதற்கடமை உரியது. மண்ணுக்கேற்ற பசளை அளவைக் கணித்து உரைத்தலும், கிணற்று நீரைச் சோதித்து முடிவை அக்கிணற்றுக்குரியோர்க்கு அவர்தம் மொழியில் அறிவித்தலும் பல்கலைக்கழகங்களால் இயலாதன அல்ல. ஆய்வுக்கூடத்தில் அளந்த அளவு அறிக்கையோடு நின்றுவிடுமாயின், அறிந்தவர் ஆற்றவேண்டிய கடமை ஆற்றப்படாமலே எஞ்சுகின்றது. அக்கிணற்று நீரையே மறுநாளும் குழந்தை பருகுகின்றது.