பூக்காத செடியின் குற்றம்

மதுரையில் குடியிருந்துகொண்டு மல்லிகையை விலைக்கு வாங்குவதா என்ற ரோஷத்தில், மொட்டை மாடியில் ஒரு தொட்டி வைத்தேன். இரண்டு ஆண்டுகள் வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். வாடிவிடுமே என்று நிழலுக்கு நகர்த்தினேன். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தாராளமாக விட்டேன். செடி கரும்பச்சையாகத் தழைத்தது, பூக்கவில்லை. சித்திரையில் ஊரெல்லாம் மல்லிகை மணந்தபோது, 'இவ்வளவு செய்தும் நன்றியில்லையே!' என்று கத்தரியை எடுத்துவிட்டேன்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து பூக் கொண்டு வரும் பெரியவர் தடுத்தார். "நிழலும் பிண்ணாக்குமா கொடுத்தா இலைதான் வைக்கும், ஐயா. வெயில்ல தூக்கி வையுங்க. கார்த்திகைக் கடைசியிலே வெட்டுங்க. அப்ப வெட்டினா வெள்ளாமை. இப்ப வெட்டினா வெறுங் கோபம்."

மல்லிகை புதுத் தளிரில்தான் அரும்பு வைக்கும். அதனால்தான் நவம்பர் கடைசியிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்துச் செய்து, எருவிட்டு, பங்குனிக்காகக் காத்திருக்கிறார்கள். 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் புகழுக்குப் பின்னால் ஆண்டுதோறும் விழும் வெட்டு இருக்கிறது.

அந்த வெட்டும் சுயநலந்தானே என்று கேட்கலாம். சுயநலந்தான். ஆனால் இந்த மல்லிகை பெரும்பாலும் விதை வைப்பதில்லை. இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் குச்சி வெட்டி, வேர்பிடிக்க வைத்து, நாற்றாக அனுப்புகிறார்கள். மனிதன் கையால் செடி வாழ்கிறது. செடியின் பூவால் மனிதன் வாழ்கிறான். வெளிப்படையான அந்தச் சுயநலத்தில் அறிவும் பொறுமையும் கலந்திருக்கின்றன. என் சுயநலமோ அன்பு என்று பெயர் சூட்டிக்கொண்டது. எனக்குக் கொடுக்கச் சுலபமானதையெல்லாம் கொடுத்தேன். அதற்கு என்ன வேண்டும் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. பிறகு கணக்குக் கேட்டேன்.

செடிக்காவது வாயில்லை. பிள்ளைகளுக்கு வாயிருக்கிறது. அவர்கள் கேட்பதைக் காதில் வாங்காமல், நாம் கொடுத்ததற்கெல்லாம் வட்டி கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்!

பெரியவர் சொன்னபடியே செய்தேன். அடுத்த பங்குனியில் பதினொரு அரும்புகள். வீடே மகிழ்ந்தது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்துகிறது. அது பூத்திராவிட்டால் மன்னித்திருப்பேனா? மன்னிப்பதற்கு அது செய்த குற்றந்தான் என்ன?